குதிரையின் தொடையில் உள்ளங்கையளவு வெள்ளை

படம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். உள்ளங்கையளவு வெள்ளை மட்டும்தான் பாக்கி.

அந்த வெள்ளை குதிரையின் இடது தொடையில் இருந்தது. அதற்குள் ஒரு குறி வரவேண்டும். சிலுவை என்றால் குதிரை சூசையம்மாவுக்கு. சூலம் என்றால் அப்புத்துரையருக்கு. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊர்த் தலைவரான விதானையார் பரமலிங்கம் தீர்ப்புச் சொல்லப்போகிறார். இன்றைக்குப் புதன்.

மீனலோசனி தூரிகையைக் கழுவிச் சிரட்டையில் சாய்த்து வைத்தாள்.

அப்புத்துரையர் அவளுடைய தாய்மாமன். போன வருசம், எண்பத்துமூன்றில், ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, தாயும் அவளுமாகக் கொழும்பிலிருந்து கப்பலேறி, கடைசியில் நெடுந்தீவில் அவர் வீட்டில் வந்து நின்றார்கள். கையில் ஒரு பை. கொழும்பில் அவள் ஒரு விளம்பரக் கந்தோரில் வேலைக்கிருந்து படம் கீறிக்கொண்டிருந்தவள். கீறி வைத்த கொப்பிகள் எல்லாம் வீட்டோடு எரிந்துபோயின. இங்கே வந்து மூன்றாம் மாதம் ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி வாங்கினாள். விரித்தால் வரும் இரண்டு பக்கத்துக்கு ஒரு உயிர். ஆமை முடிந்தது. கடற்கரைக் கொக்கு முடிந்தது. மதிலில் ஏறி நிற்கும் வெள்ளாடு முடிந்தது. இப்போது குதிரை.

வர்ணப்பெட்டி வேண்டுமென்றால் வள்ளம் ஏறி யாழ்ப்பாணம் போகவேண்டும். அதனால் கையில் அகப்பட்டதெல்லாம் வர்ணம். கடலுக்குச் சலவை நீலம். கல்மதிலுக்குக் கிழித்து ஒட்டிய சீமெந்துப் பைத் தாள். புல்லுக்குக் கரையில் ஒதுங்கிக் காய்ந்த சாதாழைக் கடற்புல். குதிரையின் உடம்புக்குத் தேத்தண்ணிச் சாயத்தில் ஊறப்போட்ட வாரப் பத்திரிகைத் தாள்கள். அடிவயிற்றில் ஒரு தொடர்கதையின் பாதி வரிகள் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. பிடரிக்குப் பனந்தும்பு. கண்ணுக்கு மாமாவின் பழைய சட்டையிலிருந்து கழன்ற கறுத்தப் பொத்தான். கோதம்பமாப் பசை ஒட்டிக்கொண்டு எறும்பையும் கூட்டிவந்தது.

குதிரை முதுகு காட்டி நின்றது. பின்பக்கம் பெரிதாக, இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தபடி. அவள் தினமும் கண்ட கோலம் அதுதான். வீட்டுக் கிணறு உவர். சாராப்பிட்டியில்தான் நல்ல தண்ணி. அங்கேயிருந்து ஒவ்வொரு காலையும் சூசையம்மா அந்த மட்டக்குதிரையில் தண்ணிக் கான்களை ஏற்றிவந்து வாசல் படலையில் இறக்கிவிட்டுப் போவாள். விதவை. கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். புருசன் பஸ்ரியாம்பிள்ளை காய்ச்சலில் செத்து இரண்டு வருசம். பதினொரு வீட்டுக்குத் தண்ணி கொடுத்துத்தான் அவளுடைய சீவியம். குதிரை இல்லாவிட்டால் அது மூன்று வீடாகக் குறையும். ஒரு மனுசியின் இடுப்பு அதற்குமேல் தாங்காது.

வினை திங்கட்கிழமை வந்தது. வறட்சியில் தாகம் தாங்காமல் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அப்புத்துரையரின் தொட்டியில் அவருடைய ஆறு குதிரைகளோடு சேர்ந்து வாய் வைத்தது. மற்ற நாளென்றால் இரண்டு பக்கமும் சாக்குத் தொங்கித் தொடையை மறைத்திருக்கும். மாமாவும் அந்நேரம் பூசையில் இருப்பார். அன்றைக்குச் சாக்கும் இல்லை, பூசையும் இல்லை. அவர் குறியைக் கண்டார்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு வறட்சியில் அவருடைய பெண்குட்டி ஒன்று காணாமல் போயிருந்தது. குறி சுட்டு ஒரு கிழமைகூட ஆகாத குட்டி. தேடிக் களைத்து, கடலோடு போயிற்று என்று விட்டுவிட்டார். இப்போது அது அவருடைய தொட்டியிலேயே தண்ணி குடித்துக்கொண்டு நிற்கிறது. தகப்பன் காலத்துச் சூலக்குறி, பக்கத்து முள் இரண்டும் மங்கிப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் அவர்.

சூசையம்மா அதைச் சிலுவை என்றாள். குட்டியைக் கரையில் தனியாகக் கண்ட அன்றிலிருந்து தன்னுடைய புருசன் நாலு நாள் நடந்து விசாரித்தவர் என்று ஊருக்குக் கேட்கச் சொன்னாள். எங்கே விசாரித்தவர் என்று விதானையார் கேட்டார்.

"எங்கட ஆக்களின்ர எல்லா வீட்டிலயும்."

"சைவ ஆக்களிட்டை?"

"சிலுவை கிடக்கிற குட்டியைக் கொண்டுபோய்ச் சைவக்காரரிட்டைக் கேக்கிறதே, ஐயா?"

விதானையார் எழும்பினார். குதிரையைத் தன்னுடைய வீட்டு வளவில் கட்டச் சொன்னார். தானே குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் நின்றால் சிலுவை, மறுபக்கம் நின்றால் சூலம். கூட்டமும் நின்ற நின்ற பக்கத்துக்கு ஏற்றபடி கண்டது. மூன்றாம் தரம் குனிந்தபோது குதிரை உதைத்தது. வேட்டி கிழிந்ததோடு போயிற்று. அதற்குப் பிறகுதான் அவருக்கு மீனலோசனியின் நினைவு வந்தது.

"பிள்ளை, நீர் இவரின்ர மருமகள், இவளின்ர தண்ணியைக் குடிக்கிறவள், ரெண்டு பக்கத்துக்கும் வேண்டியவள். குறியை உள்ளது உள்ளபடி தாளில எடுத்துத் தாரும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

இரண்டு பக்கமும் சம்மதித்தது. அவள்தான் சம்மதிக்கும் முன் ஒருமுறை மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

புதன் மாலை விதானையாரின் வளவுக்குப் போனாள். தேங்காயெண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்துத் தழும்பில் பூசி, மெல்லிய தாளை மேலே வைத்து உள்ளங்கையால் ஒற்றி எடுப்பது அவளுடைய திட்டம். தழும்பு மேடாக இருக்கிறது. மேடு மட்டும் தாளில் விழும். குதிரை விட்டால்தானே. விதானையாரின் ஆட்கள் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தும் அது சுழன்றது. கடைசியில் சூசையம்மாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் வந்து கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, அதன் நெற்றியில் தன்னுடைய நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். குதிரை அடங்கியது.

"வயித்தில குட்டி கிடக்குது. அதுதான் மூர்க்கம்," என்றாள் சூசையம்மா. "மெல்லமா ஒற்றும்."

தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது மீனலோசனிக்கு மூச்சு வந்தது. ஒரு நெடுங்கோடு. ஒரு குறுக்குக்கோடு. இடது நுனியில் சின்ன வெட்டு. வலது நுனி கொஞ்சம் சரிவு. முள் என்று சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. சிலுவை.

சூசையம்மா தாளைத் தொடாமல் பார்த்தாள். பிறகு குதிரையின் காதுக்குள் ஏதோ சொன்னாள்.

வியாழன் காலை. ஒட்டவேண்டியதுதான். ஆனால் மீனலோசனிக்குச் சூசையம்மாவின் குறி மட்டும் பக்கத்தில் ஏறுவது மாமாவை அடித்த மாதிரி இருந்தது. சோறு போடும் வீடு. இடது பக்கத்துக் கல்மதிலில் மாமாவின் சூலத்தையும் ஒற்றிவிட்டால் இரண்டு வீடும் படத்தில் நிற்கும் என்று நினைத்தாள். நல்ல நினைப்புத்தான். அந்த நினைப்போடு மாட்டுக்கொட்டிலுக்குப் போனாள்.

குறி சுடும் கம்பி கூரை வளையில் செருகியிருந்தது. மூன்று முள்ளும் முழுசான சூலம். அதை இழுத்தபோது பின்னால் இன்னொன்று விழுந்தது. துருப்பிடித்த பழைய கம்பி. நடுமுள் இருந்தது, குறுக்கு இருந்தது. பக்கத்து முள் இரண்டும் அடியோடு முறிந்திருந்தன.

இடது நுனியில் சின்ன வெட்டு.

அவள் அங்கேயே குந்திக்கொண்டு அதைக் கரியில் தோய்த்துத் தாளில் ஒற்றினாள். ஒற்றியது இடம்வலம் மாறி விழும் என்பதால், நேற்றைய மெல்லிய தாளை மறுபுறம் திருப்பிப் பக்கத்தில் வைத்தாள். அளவு பொருந்தவில்லை; குதிரையின் குறி கம்பியைவிட ஒன்றரை மடங்கு பெரிது. ஒரு நிமிசம் சந்தோசப்பட்டாள். ஒரே நிமிசம்தான். குட்டியில் சுட்ட குறி குட்டியோடு சேர்ந்து வளரும்.

கந்தோரில் அவள் செய்த முதல் வேலை, சின்னப் படத்தைப் பெரிய பலகைக்கு ஏற்றுவது. சின்னதில் சின்னக் கட்டம் போடவேண்டும், பெரியதில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். பிறகு கட்டத்துக்குக் கட்டம் கோடு எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் போதும். அவள் இரண்டு தாளிலும் கட்டம் போட்டாள். சரியோ என்று பார்க்க இரண்டாம்தரமும் போட்டாள்.

வெட்டு அதே கட்டத்தில். சரிவு அதே கட்டத்தில். குதிரை மாமாவினுடையது.

"கண்டுபிடிச்சிட்டீர் என்ன, தங்கச்சி."

வாசலில் தம்பையா. இருபது வருசமாக மாமாவின் மாடு குதிரைகளைப் பார்க்கும் மனிதர். வைக்கோல் கட்டை இறக்கிவிட்டு அவளுக்கு எதிரே குந்தினார். அவரிடமிருந்து கதை துண்டுதுண்டாக வந்தது. அந்த வருசம் ஐயா யாழ்ப்பாணம் போயிருந்த நேரம், தம்பையா நெருப்பில் காய்ந்த கம்பியைக் கல்லில் போட்டுவிட்டார். பக்கத்து முள் இரண்டும் முறிந்து போயின. குட்டியைப் பிடித்துக் கட்டியாயிற்று, நெருப்பும் மூட்டியாயிற்று. பேச்சு வாங்கப் பயத்தில் இருந்ததை வைத்துச் சுட்டுவிட்டார். புதுக்கம்பி அடித்தபின் திரும்பச் சுடலாம் என்று நினைத்திருந்தார். அதற்குள் குட்டி போய்விட்டது.

"திங்கட்கிழமை ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"சொன்னால் அந்த மனுசின்ர பிழைப்புப் போகும். ஐயாவிட்டை ஆறு நிக்குது. ஏழாவது வந்து என்ன, வராட்டி என்ன?" அவர் கம்பியை எடுத்து வைக்கோலுக்குள் செருகினார். "நீரும் காணேல்லை, நானும் காணேல்லை. கட்டம் போட்டுப் பார்க்க இந்தத் தீவில வேற ஆருக்குத் தெரியும்?"

ஒருவருக்கும் தெரியாது. அதுதான் பிரச்சினை. வெள்ளிக்கிழமை அவள் ஒரு தாளைக் காட்டினால் குதிரை சூசையம்மாவிடம் போகும், இரண்டு தாளைக் காட்டினால் மாமாவிடம் போகும். முடிவு விதானையாரின் வாயில் இல்லை, அவளுடைய பசைச் சட்டிக்குள் இருந்தது. தம்பையா சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் இரண்டு பக்கமும் நம்பி அவளிடம் கொடுத்த வேலை. சபையில் வைத்து அந்த மனுசியின் முகத்துக்கு முன்னால் போட்டு உடைக்கவும் ஏலாது. கமுக்கமாக மறைக்கவும் ஏலாது.

மத்தியானம் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தாள்.

சூசையம்மா அப்போதுதான் நாலாவது நடை தண்ணி சுமந்து வந்திருந்தாள். குதிரை கட்டுண்ட நாள்முதல் குடம் இடுப்பிலும் கான் கையிலுமாக ஓட்டம். இடுப்புப்பட்ட சேலை நனைந்து, தோல் உரிந்திருந்தது. குசினி வாசலில் ஒரு பலகையைத் தட்டிப் போட்டு மீனலோசனியை இருக்கச் சொன்னாள். மீனலோசனி இருக்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கட்டம் போட்ட இரண்டு தாளையும் நிலத்தில் விரித்தாள்.

சூசையம்மா விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டுப் போனாள். வெட்டு இருந்த கட்டம் வந்ததும் விரல் நின்றது.

"இதை ஆர் ஆர் கண்டது?"

"நானும் தம்பையா அண்ணையும்."

"அவன் வாய் திறக்கான். நீரும் திறக்காட்டி?"

"குதிரை உங்களிட்டை வரும், அக்கா."

சூசையம்மா உரிந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"என்ர மனுசன் நாலு நாள் நடந்தவர்," என்றாள் பிறகு. "அஞ்சாம் நாள் உங்கட மாமாவின்ர படலையையும் தட்டியிருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும். தட்டேல்லை. அது பிழை. தெரியாமல் விட்ட பிழையை நான் இப்ப தெரிஞ்சுகொண்டு களவாக்கினால், அந்த மனுசனையும் சேர்த்தெல்லே களவெடுக்கப் பண்ணுறன்." தாள்களை மடித்து நீட்டினாள். "ரெண்டையும் ஒட்டிக்கொண்டு வாரும். வடிவா ஒட்டும், பிய்ச்சுப் போடாமல்."

வீட்டுக்குத் திரும்பி மீனலோசனி இரண்டையும் ஒட்டினாள். தொடை வெள்ளையில் குதிரையின் குறி. இடது பக்கக் கல்மதிலில் முறிந்த கம்பியின் குறி. கட்டங்களை அழிக்கவில்லை. பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளி ஒன்பது மணி. விதானையாரின் வளவில் கதிரை இரண்டு, வாங்கு ஒன்று, வேடிக்கை பார்க்க முப்பது பேர். வேம்பில் கட்டிய குதிரை. மீனலோசனி கொப்பியை மேசையில் விரித்து, நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். விதானையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டங்களை எண்ணினார். இன்னொருமுறை எண்ணினார். தம்பையாவைக் கூப்பிட்டார். தம்பையா கம்பியையும் கொண்டே வந்திருந்தார். ஒளித்து வைத்துப் பிரயோசனமில்லை என்று விளங்கியிருக்கவேண்டும்.

அப்புத்துரையர் தம்பையாவை ஒரு பார்வை பார்த்தார். அஞ்சு வருசத்துப் பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கு வாயைத் திறந்தார். விதானையார் கை காட்டி நிறுத்திவிட்டு, குதிரை அப்புத்துரையருடையது என்று தீர்த்துச் சொன்னார். கூட்டம் இரைந்தது. கடற்கரைப் பக்கத்து ஆட்கள் சிலர் எழும்பினார்கள்.

சூசையம்மாவும் எழும்பினாள்.

"குதிரை ஐயாவின்ரதான். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. அஞ்சு வரிசம் நான் வாரத்துக்கு வளர்த்தனான் எண்டு மட்டும் எழுதுங்கோ."

எழும்பின கடற்கரை ஆட்கள் திரும்பக் குந்தினார்கள். வாரம் எல்லாருக்கும் தெரிந்த வழமை. மாட்டை ஒருவர் இன்னொருவருக்கு வளர்க்கக் கொடுப்பார். மாடு கொடுத்தவருடையது, முதல் ஈற்று வளர்த்தவருடையது, கன்று பால் மறக்கும்வரை தாயும் வளர்த்தவர் வளவில்தான் நிற்கும். குதிரைக்கு ஒருவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று சொன்னவரும் இல்லை.

"வாரத்துக்கு உனக்கு ஆர் தந்தது?" என்றார் அப்புத்துரையர்.

"உங்கட கம்பி." சூசையம்மா அதைச் சுட்டிக் காட்டினாள். "முள்ளு முறிஞ்ச கம்பியால சிலுவை போட்டு விட்டது உங்கட வீடு. கேக்காமல் வளர்த்தது எங்கட வீடு. உங்களிலயும் பிழை, எங்களிலயும் பிழை. ரெண்டையும் கூட்டிப் பாருங்கோ, வாரம் வரும்."

விதானையார் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டே, நாகமுத்து என்ற மனுசிக்கு வாரத்துக்கு விட்ட பசுவின் முதல் கன்றை யார் கொண்டுபோனது என்று அப்புத்துரையரைக் கேட்டார்.

"அவள்தான்."

"யோகம்மாவுக்கு விட்டது?"

"அதுவும் அவள்தான். அதுதானே முறை." சொல்லி முடித்த பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கியது.

அவர் எழும்பிக் குதிரையடிக்குப் போனார். நின்று பார்த்தார். அது காதைப் பின்னுக்கு மடித்தது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

"எத்தினையாம் மாதம்?"

"எட்டு. மாரிக்குப் போடும்."

"பால் மறக்க?"

"அடுத்த மாரி. அதுக்குப் பிறகு தாயைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அதுக்குள்ள என்ர குட்டி கான் சுமக்கப் பழகாட்டி, ஒருக்கா வந்து கெஞ்சிப் பாப்பன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அஞ்சு வரிசமா நீங்கள் குடிச்ச தண்ணி உங்கட குதிரை சுமந்ததுதான் ஐயா. வேறெங்கயும் போகேல்லை."

அப்புத்துரையர் திரும்பி வந்து கொப்பியைப் பார்த்தார். கல்மதிலையும் தொடையையும் மாறிமாறிப் பார்த்தார். மருமகள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தவர்போல் நின்றார். அவள் கொப்பி மூடாமல் அதன் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"கட்டம் போட ஆர் பழக்கினது உனக்கு?"

"கந்தோரில, மாமா."

"ம்." அவர் விதானையார் பக்கம் திரும்பினார். "வாரம் எண்டு எழுதும்."

கூட்டம் கலைந்தது. தம்பையா கம்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சூசையம்மா குதிரையை அவிழ்த்து, அதன் முதுகில் சாக்கைப் போட்டாள். பிறகுதான் படத்தைப் பார்க்க வந்தாள். அதுவரை அவள் குறியை மட்டும் பார்த்திருந்தாளே தவிர, குதிரையைப் பார்க்கவில்லை.

அங்கே இங்கே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிடரி சரி என்றாள். கண் கள்ளக் கண், அதுவும் சரி என்றாள்.

"வயிறு காணாது, பிள்ளை. வெறும் வயித்துக் குதிரையைக் கீறி வைச்சிருக்கிறீர்."

உண்மைதான். அவள் படத்தைத் தொடங்கியது மூன்று மாதத்துக்கு முந்தி. சூசையம்மா சாக்கின் ஓரத்தில் ஒரு துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். மத்தியானம் மீனலோசனி அதை ஓரம் பிசிறாகவே விட்டு, தொடர்கதை வரிகளுக்கு மேலே, வயிறு தொங்குகிற கணக்கில் ஒட்டினாள். சணல் தடிப்பில் கொப்பி மூடவில்லை. மேலே அம்மிக்குழவியை ஏற்றிவைத்தாள்.

சனிக்கிழமை காலை படலையில் கான்கள் வழமைபோல இறங்கின. அப்புத்துரையர் பூசையை இடையில் விட்டுவிட்டு, திருநீறு காயாத நெற்றியோடு வெளியே வந்தார். கையில் ஒரு வாளி. தவிடு கரைத்த தண்ணி. குதிரைக்கு முன்னால் வைத்தார். அது முகர்ந்து பார்த்துவிட்டு வாய் வைத்தது.

சூசையம்மா கடைசிக் கானை இறக்கி நிமிர்ந்தாள்.

"உங்கட குதிரைக்கு வைக்கிற தவிட்டை உள்ளுக்குள்ள கிடக்கிற என்ர குட்டியும் தின்னும், ஐயா. பரவாயில்லையோ?"

"தின்னட்டும்," என்றார் அவர், வாளியைச் சரியாமல் பிடித்துக்கொண்டு.